பேர் சொல்லும் மேடை

ஆளுக்கு ஐந்தே நிமிடம் பேசுகிற கூட்டத்துக்கு ஒன்பது பெரிய மனிதர்களை மேடையில் உட்கார வைத்தால் விளங்குமா? காரைக்குடியில் ஒரு கல்லூரி நடத்திய நீர்நிலைக் கருத்தரங்கில் அதுதான் நடந்தது. மணி அடித்தால் இறங்கிவிட வேண்டும் என்று அழைப்பிதழில் கண்டிப்பாகப் போட்டிருந்தார்கள். ஆனால் பொன்னாடை போர்த்துவதிலேயே காலைப்பொழுது பாதி ஓடிப்போனது. போர்த்தியவருக்கே திருப்பிப் போர்த்தினார்கள். கடைசியில் ஐந்து நிமிடம் மூன்றாகச் சுருங்கியது.

ஃபர்சானாவுக்கு அதில் கோபம்கூட வரவில்லை. தோழி சத்தியப்பிரியா போனதிலிருந்தே அவளுக்கு எதுவும் வரவில்லை. கண்டனூர்ப் பக்கத்து ஊருணிகளில் தண்ணீர் மொண்டு, பாட்டிலில் அடைத்து, ஒரே ஸ்கூட்டரில் இரண்டு பேரும் வெயிலில் அலைந்து செய்த ஆராய்ச்சி இது. யோசனையெல்லாம் சத்தியாவுடையது, ஃபர்சானா கூடமாட நின்றவள், அவ்வளவுதான். காய்ச்சல் என்று மதுரை ஆஸ்பத்திரிக்குப் போன சத்தியா பிணமாகத்தான் திரும்பினாள். எல்லாரும் மாரடித்து அழுதபோது ஃபர்சானா மட்டும் மரக்கட்டை மாதிரி நின்றாள். "நெஞ்சழுத்தக்காரி" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அதுவும் உறைக்கவில்லை.

முந்தின நாள் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் மெய்யநாதன் கூப்பிட்டு, திரையில் காட்டும் முதல் படத்திலிருந்து சத்தியாவின் பெயரை எடுத்துவிடச் சொன்னார். "செத்தவுக பேரு இருந்தா ஆயிரத்தெட்டுக் கேள்வி வரும்மா. நம்ம ரெண்டு பேரு போதும். மேடையில அந்தப் பேச்சே எடுக்காத." அவர் கையெழுத்துப் போட்டால்தான் ஃபர்சானாவுக்குப் பட்டம். தலையை ஆட்டிவிட்டு வந்தாள். ஆட்டும்போது வலிக்கவே இல்லை.

இன்று காலை மண்டப வாசலில் சேவுகப்பெருமாள் நின்றுகொண்டிருந்தார். சத்தியாவின் அப்பா, அரியக்குடிப் பக்கம் விவசாயம். புது வேட்டியில் மடிப்புகூடக் கலையவில்லை.

"மைக்குல எம்பேரைச் சொல்லுவாகப்பா, நீங்க கட்டாயம் வரணும்னு சத்தியா சொல்லிக்கிட்டே இருந்துச்சு. அதான் வந்துட்டேன். சொல்லுவாகல்ல ஆத்தா?"

"அங்குட்டு உக்காருங்கப்பா" என்றாள் ஃபர்சானா. அவர் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

ஃபர்சானாவின் முறை வந்தது. நேரம் பார்க்க மணியும் கையுமாக இருந்த இளைய மாணவன் ஹரீஷ், "அக்கா, நேரா விஷயத்துக்கு வந்துருங்க" என்று கெஞ்சினான். நடக்கிற காரியமா? மேடையில் இருப்பவர்களை ஒவ்வொருவராக விளிக்காமல் நம்மூரில் வாயைத் திறந்தால் ஜென்மப் பகையாகிவிடும். விளிக்கப்பட்டவர் எழுந்து கும்பிடுவதும் முறை. "தலைவர் அவர்களே" என்றாள். ஒரு பொன்னாடை எழுந்து கும்பிட்டு உட்கார்ந்தது. "சிறப்பு விருந்தினர் அவர்களே" என்றாள், இன்னொன்று எழுந்தது. வாய் அதுபாட்டுக்கு ஓடியது, மனசு எங்கோ கிடந்தது. "எங்கள் வழிகாட்டி மெய்யநாதன் அவர்களே." அவர் எழுந்து, சபையைப் பார்த்துச் சிரித்துவிட்டு உட்கார்ந்தார்.

"இந்த ஆராய்ச்சியைச் செய்த சத்தியப்பிரியா அவர்களே."

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே தெரிந்தது. இருக்கிறவர்களைத்தானே விளிப்பார்கள்! யார் எழப்போகிறார் என்று சபை இடமும் வலமும் திரும்பிப் பார்த்தது. மெய்யநாதன் அவளை முறைத்தார். ஹரீஷ் மணியை அடித்தான்.

கடைசி வரிசையில் நாற்காலி ஒன்று இழுபட்டது. சேவுகப்பெருமாள் எழுந்தார். மற்றவர்கள் செய்ததைக் கவனித்து வைத்திருந்தார் போலிருக்கிறது. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, சபைக்கு ஒரு கும்பிடு போட்டார், மேடைக்கு ஒரு கும்பிடு போட்டார். எப்போது உட்கார வேண்டும் என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை. கூப்பிய கையோடு நின்றுகொண்டே இருந்தார்.

"யா அல்லா!" என்று ஒரு சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டது. அது தன் குரல்தான் என்று ஃபர்சானாவுக்குப் புரியக் கொஞ்சம் நேரமானது. மணி மறுபடி மறுபடி அடிக்க, மண்டபமே பார்க்க, மைக்கைப் பிடித்துக்கொண்டு அவள் ஓவென்று அழுதாள்.