கீப்பர் சொன்னால் கோல்

போடிமெட்டுக்கு மேலே இருக்கும் அந்த எஸ்டேட் கால்பந்து மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. மூடுபனியாய் மஞ்சு இறங்கி, கோல் கம்பமே தெரியாமல் போய்விட்டால், கோலா இல்லையா என்பதைக் கீப்பர்தான் சொல்ல வேண்டும். அங்கே வலை கிடையாது. நடுவரும் மனுசன்தானே, அவருக்கு மட்டும் என்ன தெரிந்துவிடப் போகிறது?

எஸ்டேட் பெண்கள் அணிக்குச் சந்திரவல்லி கீப்பர். அவள் அண்ணன் மனைவி கற்பகம் முன்னால் நின்று கோல் போடுகிறவள். ஏலக்காய் பறிக்கப் போகும் ஜீப்பில் இருவருக்கும் தினமும் வாய்ச்சண்டைதான்.

"அடிக்கிறவதேன் கப்பு வாங்குவா. நீ சும்மா நிக்கிறவதானே?" என்பாள் கற்பகம்.

"வாசலத் தெறந்து போட்டுட்டு வீட்டுக்குள்ள எம்புட்டுச் சேத்தாலும் நிக்குமா மதினி?"

இந்த வருசப் போட்டிகளில் வல்லி ஒரு கோல்கூட விடவில்லை. இறுதி ஆட்டத்தையும் அப்படியே முடித்துவிட்டால் மதினியின் வாயை ஆயுசுக்கும் அடைத்துவிடலாம். எதிரே போடி அணி, போன வருசம் கப்பு வாங்கியவர்கள். ஆட்டம் சமனில் முடிந்தால் கப்பு அவர்களிடமே இருக்கும் என்பது விதி. கற்பகம் முதல் பாதியிலேயே ஒன்று போட்டுவிட்டாள். இனி வல்லி காத்தால் போதும்.

ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் மஞ்சு இறங்கியது. முதலில் ஏலச்செடிகள் மறைந்தன, பிறகு ஆட்கள், பிறகு கூச்சலும் ஈரத்துணி போர்த்தியதுபோல் மங்கிவிட்டது. அந்த வெள்ளைக்குள் வல்லி தனியாக நின்றாள். தொலைவில் யாரோ பந்தைத் தட்டும் சத்தம் தூக்கத்தைக் கொண்டுவந்தது. கப்பை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பின் முன்சீட்டில் தான் போவதையும், மதினி பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்து வாயே திறக்காமல் வருவதையும் கண்ணெதிரே பார்த்தாள். சிரிப்புகூட வந்தது.

அப்போது பந்து வந்தது. உதைத்த கால் தெரியவில்லை. வெள்ளைக்குள்ளிருந்து தானாகப் பிறந்து, ஈரப்புல்லில் அவசரமே இல்லாமல் உருண்டு வந்தது. எவ்வளவு அழகாக வருகிறது என்று ஒரு கணம் பார்த்தபடி நின்றுவிட்டாள். கை நீட்டுவதற்குள் அது இரண்டு கம்பங்களுக்கும் நடுவே நுழைந்து ஏலச்செடிக்குள் போய்விட்டது.

நடுவர் தங்கபாண்டி மூச்சிரைக்க வந்தார். "என்னாத்தா, கோலா, வெளியவா?"

அவர் பின்னாலேயே கற்பகம் ஓடிவந்தாள். "வெளியதேன்னு வெரசா சொல்லு வல்லி!"

வல்லி ஏலச்செடிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஒரே ஒரு சொல். கப்பும் கிடைக்கும், மதினியையும் ஜெயித்துவிடலாம். யாரும் பார்க்கவில்லை. ஆனால் அந்தப் பந்தை அவள் பார்த்திருந்தாள், அதைப் பார்க்காததுபோல் பேச வாய் வரவில்லை.

"கோலுதேன்" என்றாள். சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

சற்று நேரத்தில் கடைசி விசில் ஒலித்தது. கப்பு திரும்பவும் போடிக்கே இறங்கிப் போனது.

ஜீப்பில் யாரும் வல்லியின் முகத்தைப் பார்க்கவில்லை. பாதி வழி போன பிறகுதான் கற்பகம் மெதுவாகக் கேட்டாள்.

"நெசமாவே உள்ள போச்சா?"

"போச்சு மதினி. நான் பராக்குப் பாத்துட்டேன்."

கற்பகம் பெருமூச்சு விட்டாள். தன் துண்டை எடுத்து வல்லியின் ஈரத்தலையில் போட்டு, கொஞ்சம் அழுத்தியே துவட்டினாள்.

"அப்ப ஒரே ஒரு கோலப் போட்டுட்டு, நான்தேன் சும்மா நின்டிருக்கேன்" என்றாள்.