பதினோரு கையெழுத்து

அந்த ஊர்ப் பஞ்சாயத்து போர்டுக்கு ஏழு மெம்பர்கள். ஏழு பேரும் ஒன்றாக உட்கார்ந்து பேசியதை இரண்டு வருஷத்தில் ஊர் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறது. மற்றக் கூட்டங்களெல்லாம் போர்டு பியூன் சின்னண்ணனின் கக்கத்தில்தான் நடந்தன.

காரியம் நடக்கிற விதம் இதுதான். பிரசிடெண்டு வெங்கடாசலம் தன் தோட்டத்துக் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்துகொண்டு, ஊருக்கு இன்னது வேண்டும் என்று சொல்வார். கிளார்க்கு குமாரசாமி அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுவார். ‘இன்று பிற்பகல் மூன்று மணிக்குச் சாவடியில் கூடிய கூட்டத்தில், இன்னார் பிரேரேபிக்க, இன்னார் ஆமோதிக்க, ஏகமனதாக’ என்று எழுத்து முத்து முத்தாக இருக்கும். அந்தப் புத்தகத்தை இடுக்கிக்கொண்டு சின்னண்ணன் களத்துக்கும் உழவுக்காட்டுக்கும் நெசவுத் தெருவுக்கும் போவான். மெம்பர்கள் நின்ற இடத்தில் நின்றபடி கையெழுத்துப் போடுவார்கள். ஒரு தடவை கருப்பண்ணன் என்ற மெம்பர் ஆடு பிடிக்க மேச்சேரிக்குப் போயிருந்தார். அதே நாள் அதே நேரம் அவர் சாவடியில் எழுந்து நின்று சாக்கடையைப் பற்றிப் பேசியதாகப் புத்தகத்தில் இருந்தது. திரும்பி வந்தவர் ஒரு கையில் ஆட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அதற்கும் கையெழுத்துப் போட்டார். இதைத் தப்பென்று யாரும் நினைக்கவில்லை. வெட்கக்கேடு என்னவென்றால், புத்தகம் நம்மைத் தேடி வருகிறதே என்று பெருமைப்பட்டார்கள்.

பெரியநாயகியும் பெருமைப்பட்டவள்தான். அவள் புருஷன் மணியன் நெசவுத் தெருவின் மெம்பர். கோயில் வாசலில் ஊர் கூடிக் கை தூக்கித் தேர்ந்தெடுத்த நாளிலிருந்து அவன் வேட்டி கொஞ்சம் வெள்ளையாயிற்று, பேச்சு கொஞ்சம் குறைந்தது. நூல் வியாபாரி அவனுக்கு மட்டும் பெஞ்சியைத் தட்டி இடம் போட்டான். ஆனால் சின்னண்ணன் வருகிற நேரமெல்லாம் மணியனின் கை சும்மா இருக்காது. தறிக் குழிக்குள் கால் இருக்கும், கையில் நாடா ஓடிக்கொண்டிருக்கும். விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவு நூலை விரித்துக் கஞ்சி தேய்க்கிற நாளென்றால் கேட்கவே வேண்டாம். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். நடுவில் நின்றால் கஞ்சி காய்ந்து இழையெல்லாம் ஒட்டிப் பாவே பாழாகிவிடும்.

அப்படி ஒரு காலையில்தான் அவன் பெண்டாட்டியிடம், நீயே போட்டுவிடு என்று சொன்னான். அதற்கு முந்தைய வாரமே தரையில் சுண்ணாம்புக் கட்டியால் தன் பேரை எழுதிக் காட்டி அவளைப் பழக்கியிருந்தான். நாலெழுத்து. அவள் பேரை அவளுக்கு எழுதத் தெரியாது. அது எதற்கு என்று அவனும் நினைக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, புத்தகத்தை முழங்கால்மேல் வைத்து, நாக்கு நுனியைக் கடித்தபடி அவள் எழுதுவதைத் தெருப் பெண்கள் எட்டிப் பார்ப்பார்கள். இரண்டு வருஷத்தில் பதினோரு தடவை எழுதினாள். என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பின்னால் இதை நினைக்கும்போதெல்லாம் தன் கையைத் தானே உலக்கையால் நசுக்கலாம்போல் அவளுக்கு ஆத்திரம் வந்தது.

ஊர் பார்த்த அந்த ஒரே நிஜக் கூட்டத்தில் ஒரு நல்ல காரியம் தீர்மானமாகியிருந்தது. ஜில்லா போர்டு ஒரு குடிதண்ணீர்க் கிணறு கொடுத்தது. நெசவுத் தெருவின் கிழக்குக் கோடியில் அதை வெட்டுவதென்று எல்லோரும் கை தூக்கினார்கள். நாற்பது வீட்டுக்கும் அதுவரை வெங்கடாசலத்தின் தோட்டத்துக் கிணறுதான் கதி. அவர் மாடுகள் கவலை இழுத்துத் தண்ணீர் இறைத்து ஓய்கிறவரை பெண்கள் வரப்பில் காத்துக் கிடக்க வேண்டும். பிறகு அவருடைய பண்ணையாள் வந்து, சாயக்கை படாமல் மொள்ளுங்கள் என்று விரட்டுவான். என்ன தேய்த்தாலும் போகாத சாயம் அது. அந்த நீலக் கை நெய்த சேலையைக் கட்டிக்கொண்டுதான் வெங்கடாசலம் வீட்டுப் பெண்கள் தேருக்குப் போனார்கள். பெரியநாயகி ஒவ்வொரு நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு மொண்டாள். இன்னும் கொஞ்ச நாள்தானே என்று பொறுத்தாள்.

தை மாதம் கிணறு வெட்டுகிற ஒட்டர்கள் கடப்பாரையோடு வந்து இறங்கினார்கள். பக்கத்து வீட்டு சாலம்மாள் மூச்சிரைக்க ஓடி வந்து, சுண்ணாம்புக் கோடு போட்டாகிவிட்டது, ஆனால் நம் தெருவில் இல்லை, வெங்கடாசலத்தின் மேற்குக் காட்டு ஓரத்தில் போட்டிருக்கிறார்கள் என்றாள். அவர் புதிதாகக் கரும்பு நட்டிருந்த காடு அது.

மணியன் தறியை விட்டு எழுந்து சாவடிக்குப் போனான். போகும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனவன், வரும்போது தெருவோரமாக வந்தான். குமாரசாமி புத்தகத்தை விரித்துக் காட்டிவிட்டாராம். நெசவுத் தெருவில் பாறை இருப்பதால் கிணற்றை மேற்குக் காட்டுக்கு மாற்றுவதென்று தீர்மானம். ஆமோதித்தது கருப்பண்ணன். பிரேரேபித்தது நெசவுத் தெரு மெம்பர் மணியன். கீழே அவன் கையெழுத்து.

“உன்ற எழுத்துதான்,” என்றான் மணியன். “ன்-னாவுல புள்ளிய நீதான் அவ்வளவு பெருசா வெப்பே.”

அவளுக்கு அந்தக் காலை நினைவுக்கு வந்தது. ஐப்பசியில், பாவுக்குக் கஞ்சி தேய்த்த நாள். என்ன என்று மணியன் ஒரு வார்த்தை கேட்டதற்கு, விளக்குக் கம்பத்துக்கு என்று சின்னண்ணன் சொன்னான். அவனுக்கும் படிக்கத் தெரியாது. அவனிடம் சொல்லி அனுப்பியதைச் சொன்னான். நெசவுத் தெருக் கிணற்றை நெசவுத் தெருக்காரனையே கேட்க வைத்துப் பிடுங்கியிருக்கிறார்கள். இனி யாராவது வாய் திறந்தால், உங்கள் மெம்பர் கேட்டார், கொடுத்தோம் என்று சொல்லிவிடலாம். எவ்வளவு நெஞ்சழுத்தம் இருந்தால் இப்படி ஒரு வேலை செய்யத் தோன்றும்?

அதைவிட ஆத்திரம் அன்று ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் வந்தது. மணியன் அதற்குள் சமாதானமாகிவிட்டிருந்தான். பிரசிடெண்டைப் பார்த்துவிட்டு வந்தானாம். புதுக் கிணற்றிலும் நம் பெண்கள் மொள்ளலாம் என்று அவர் வாக்குக் கொடுத்தாராம், மாடுகள் இறைத்து முடித்த பிறகு. கையெழுத்து விஷயம் வெளியே வந்தால் மெம்பர் பதவி போய்விடும், போலீசுகூட வரலாம், ஆகையால் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் புத்தி என்றான்.

பெரியநாயகி தட்டைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். சோறு போடவில்லை. “அவிய மாடு குடிச்சு மிஞ்சறதக் குடிக்கறதுக்கு நமக்கு எதுக்குங்க ஒரு மெம்பரு?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். மூன்று நாள் அவனோடு பேசவில்லை. அவனும் தறிக் குழியை விட்டு எழவில்லை.

நாலாம் நாள் போர்டுக் காரியங்களைத் தணிக்கை செய்ய நாமக்கல்லிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் வருகிற நாள் என்பதால் ஏழு மெம்பர்களும் சாவடியில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் குளித்து விபூதி பூசி, ஏதோ மாதா மாதம் அங்கேயே கிடப்பவர்கள்போல் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்கள். பெரியநாயகி சாலம்மாளையும் இன்னும் ஏழெட்டுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு போய் வாசலில் நின்றாள். பிறகு அவள் மட்டும் படியேறினாள்.

பொம்பளைக்கு இங்கே என்ன வேலை என்று வெங்கடாசலம் கேட்டார். அவர் கேட்டது காதில் விழாதவள்போல் அவள் இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள்.

“கெணத்துத் தீர்மானத்துல இருக்கற கையெழுத்து எங்கூட்டுக்காரரு போட்டதில்லீங்க. நான் போட்டது. கூட்டமே நடக்கலீங்க. எங்கூட்டு வாசல்ல கஞ்சிக் கையோட போட்டனுங்க.”

மணியன் தரையைப் பார்த்தான். இன்ஸ்பெக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, எந்த மெம்பரின் கையெழுத்து என்று கேட்டார். அவள் பேசாமல் நின்றாள். கட்டின நாளிலிருந்து புருஷன் பேரை அவள் வாயால் சொன்னதில்லை. அந்தத் தெருவில் எவளும் சொன்னதில்லை. குமாரசாமி லேசாகச் சிரித்துக்கொண்டே, பேர்கூடத் தெரியாதவள் கையெழுத்துப் போட்டாளாம் என்றார். அந்தச் சிரிப்புத்தான் அவளைக் கிளப்பிவிட்டது.

“மணியன்,” என்றாள். வாசலில் நின்ற பெண்களுக்கும் கேட்கும்படி உரக்கவே சொன்னாள். “மணியனுங்க. அதா உக்காந்திருக்கறாரே, அவருதான்.”

இன்ஸ்பெக்டர் ஒரு காகிதத்தையும் பேனாவையும் நீட்டினார். அவள் தரையில் உட்கார்ந்து, முழங்கால்மேல் காகிதத்தை வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். அவர் அதைப் புத்தகத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு கருப்பண்ணனைப் பார்த்து, ஐப்பசியில் இந்தக் கூட்டத்துக்கு நீர் வந்திருந்தீரா என்று கேட்டார். கருப்பண்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார். இன்ஸ்பெக்டர் மற்றவர்களைக் கேட்டார். இரண்டு வருஷமாக ஏகமனதாக இருந்தவர்கள் அன்றைக்கும் ஏகமனதாகவே வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

இன்ஸ்பெக்டருக்கு அதுவே போதுமாக இருந்தது. நடக்காத கூட்டத்தின் தீர்மானம் நிற்காது, அதை ரத்துச் செய்ய எழுதுகிறேன், பழைய தீர்மானம்தான் செல்லும் என்றார். வெங்கடாசலத்தின் முகம் கறுத்தது. ஆனால் அடுத்த பேச்சை அவர்கூட ரசித்துக் கேட்டார். தன் கையெழுத்தைப் பெண்டாட்டி கையில் கொடுத்த மெம்பர் மெம்பராக இருக்க லாயக்கில்லை, அதையும் மேலே எழுத வேண்டிவரும் என்றார் இன்ஸ்பெக்டர். புத்தகத்தைச் சுற்றுக்கு விட்டவர்களைப் பற்றி என்ன எழுதுவார் என்று அவர் சொல்லவில்லை. ஆறு பேர் செய்த அக்கிரமத்துக்கு அகப்பட்டது அவள் வீட்டுக்காரன் மட்டும்தான், அவனைக் காட்டிக் கொடுத்தவளும் அவளேதான். இருந்தாலும் சொன்னதை அவள் மாற்றிச் சொல்லவில்லை.

அவள் வாக்குமூலத்தை, கிணறு பழைய தீர்மானப்படியே வேண்டும் என்பதையும் சேர்த்து, எழுதும்படி இன்ஸ்பெக்டர் குமாரசாமியிடம் சொன்னார். குமாரசாமி விறுவிறுவென்று எழுதி முடித்து, காகிதத்தை அவளிடம் நகர்த்தினார். இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போடச் சொன்னார். அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். தன் பேரை எழுத வராது என்று சொல்ல அவளுக்கு வாய் கூசியது, ஆனாலும் சொன்னாள். சின்னண்ணன் மை டப்பாவைக் கொண்டுவந்து வைத்தான். பெருவிரலைப் பிடிக்கக் கையும் நீட்டினான். அவள் விரலை இழுத்துக்கொண்டாள்.

“படிச்சுக் காட்டுங்க. பொறவு வெக்கறேன்.”

குமாரசாமி காகிதத்தை எடுத்தார். நீங்கள் வேண்டாம் என்றாள். இன்ஸ்பெக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. நான் படிக்கட்டுமா, என்னையாவது நம்புவாயா என்று கேட்டார். அதற்கும் அவள் தலையாட்டவில்லை. காகிதத்தைத் தானே எடுத்துக்கொண்டு போய், தலை குனிந்து உட்கார்ந்திருந்த புருஷன் மடியில் வைத்தாள்.

“நீங்க படியுங்க. மெம்பருதான?”

மணியன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவன் கண்ணில் கோபம் இருந்தது, நாலு பேர் நடுவில் பேரைச் சொன்னதற்கும் பதவியைப் பறித்ததற்கும் சேர்த்து. அவளும் கண்ணை எடுக்கவில்லை. அவன் காகிதத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க ஆரம்பித்தான். ‘என் கணவர் மணியன் தம் கடமையில் தவறி’ என்ற இடத்தில் அவன் வாசல் பக்கம் பார்த்தான். அங்கே சாலம்மாள் நின்றாள், தெருவே நின்றது. அந்த வரியை விழுங்கிவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கலாம், படிக்கத் தெரியாத அவள் கண்டாளா? அவன் விழுங்கவில்லை. திரும்ப அந்த வரியையே முதலிலிருந்து படித்தான். இன்னும் இரண்டு வரி போய் நின்றான்.

“இதுல தெருப் பேரு இல்லீங்க,” என்றான் இன்ஸ்பெக்டரிடம். “போர்டாரு உசிதம்போலக் கெணறு வெட்டறதுன்னு இருக்குது.”

இரண்டும் ஒன்றுதான் என்றார் குமாரசாமி.

“ஒண்ணுதான்னா எங்க தெருப் பேரையே எழுதுங்க. நெசவுத் தெரு, கெழக்குக் கோடின்னு எழுதுங்க.”

குமாரசாமி பிரசிடெண்டைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் குமாரசாமியைப் பார்த்தார். வேறு காகிதம் எடுத்து எழுதினார்கள். மணியன் அதையும் கையில் வாங்கி, ஒரு எழுத்து விடாமல், கடமையில் தவறிய கணவனையும் சேர்த்து உரக்கப் படித்தான். படித்து முடித்துத் தலையாட்டினான். பெரியநாயகி விரலை மையில் தோய்த்து அழுத்தி வைத்தாள். இரண்டு வருஷ மெம்பர் உத்தியோகத்தில் மணியன் முதலிலிருந்து கடைசிவரை படித்த காகிதம் அது ஒன்றுதான். அதோடு அவன் உத்தியோகமும் போயிற்று.