இருபது சேரும் வரை

காரில் விட்ட சார்ஜரை எடுக்கக் கீழே போன அக்கா, பன்னிரண்டு நிமிடமாகியும் மேலே வரவில்லை.

நாலாவது மாடி ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் தங்கை இருப்புக்கொள்ளாமல் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கட்டிடத்தில் வேறு ஈ காக்காய் கிடையாது. அக்காவுக்குப் போன் போட்டாள். பக்கத்து நாற்காலியில் கிடந்த அக்காவின் கைப்பைக்குள்ளேயே மணி அடித்தது. பையைத் திறந்தவள் கண்ணில் போனோடு இன்னொன்றும் பட்டது. அக்காவின் நீல நிற இன்ஹேலர்.

காலையிலிருந்தே அக்காவுக்கு லேசாக இழுப்பு.

வாட்ச்மேனைக் கூப்பிட்டாள். "அண்ணே, அக்கா கீழ வந்தாங்களா?"

"யாரும் வரலையேம்மா. லிஃப்டே வரல."

லிஃப்ட்!

முந்நூறு கட்டிடங்களின் லிஃப்டுகளைக் கண்காணிப்பதுதான் அவள் கம்பெனியின் தொழில். பொத்தான் அமுங்கியது, கதவு மூடியது, பாதியில் நின்றது என்று ஒவ்வொரு லிஃப்டும் ஓயாமல் செய்தி அனுப்பும். அந்த வெள்ளத்தை லிஃப்ட் வாரியாகப் பிரித்து, இருபது இருபதாகக் கட்டிக் கன்ட்ரோல் ரூமுக்கு அனுப்பும் புரோகிராம் அவள் எழுதியது. கட்டு நிறைந்தால்தான் உள்ளே இருப்பதை யாரும் பார்ப்பார்கள்.

அவசரமாகத் திரையைப் பார்த்தாள். இந்தக் கட்டிடத்து ஒற்றை லிஃப்டுக்கு நேரே குளுகுளுவென்று பச்சை விளக்கு. அடியில் நிறையாத கட்டின் எண்ணிக்கை: பதினொன்று.

மூன்று மாதம் முன்பு இதையேதான் கேட்டார், நோண்டி என்று ஆபீஸே பெயர் வைத்திருந்த, புரோகிராம்களைச் சோதிக்கும் டெஸ்டர். "ஏம்மா, இருபது சேரலன்னா?"

"அரை நிமிஷத்துல சேர்ந்துடும் சார். அதுக்குக்கூட ஆள் வராத கட்டிடத்துக்கு எதுக்கு சார் லிஃப்ட்?"

எல்லோரும் சிரித்தார்கள். நோண்டி மட்டும் சிரிக்கவில்லை.

தங்கை ஓடிப்போய் லிஃப்ட் கதவைப் படபடவென்று தட்டினாள். "அக்கா!" எங்கோ ஆழத்தில் ஓர் இருமல். மேலேயா கீழேயா என்று பிடிபடவில்லை. தீயணைப்பு நிலையத்தில் இருபத்தைந்து நிமிடம் ஆகும் என்றார்கள். லிஃப்ட் மெக்கானிக் ஊரின் மறுகோடியில், கன்ட்ரோல் ரூமில் இருந்தார்.

"இங்கேருந்தே பக்கத்து மாடிக்கு இறக்கிடலாம். ஆனா எங்க நிக்குதுன்னு தெரியாம கை வைக்க மாட்டேன். அது உங்க செய்தியிலதானே வரும்? எங்கம்மா அது?"

"என் கட்டுல மாட்டியிருக்கு."

"அப்ப அவிழ்த்து விடுங்க!"

எப்படி? புரோகிராமை நிறுத்தி மறுபடி ஓட்டினால் அந்தப் பதினொன்றும் காற்றோடு போய்விடும். போலியாக ஒன்பது செய்தி நுழைக்கலாமென்றால், வெளியிலிருந்து யாரும் நுழைக்க முடியாதபடி பூட்டுப் போட்டதும் அவளேதான். கெட்டிக்காரி!

ஒரே வழி. பொத்தான் அமுக்கினால் ஒரு செய்தி. அதிலும் ஒரு வில்லங்கம்: பத்து நிமிடத்துக்குள் ஒரே பொத்தானை எத்தனை தடவை அமுக்கினாலும் ஒன்றாகத்தான் எண்ணும். அதுவும் அவள் கைவண்ணம். உள்ளே அக்கா அபாய மணியை நூறு தடவை அமுக்கியிருந்தாலும் கணக்கில் ஒன்றே ஒன்று.

வேண்டியது ஒன்பது. நாலிலிருந்து பன்னிரண்டு வரை ஒன்பது மாடி.

நாலாவது மாடிப் பொத்தானைக் குத்திவிட்டு, இன்ஹேலரும் போனுமாகப் படிகளில் பாய்ந்தாள். ஐந்து. ஆறு. ஏழில் செருப்பை உதறினாள். எட்டில் விலா பிடித்துக்கொண்டது. ஒன்பது, பத்து, பதினொன்று. பன்னிரண்டில் பொத்தான்மீதே சாய்ந்து, போன் திரையில் கட்டின் எண்ணிக்கையைப் பார்த்தாள்.

பத்தொன்பது.

அட பாவி! ஒன்பதாவது மாடிப் பொத்தானில் விளக்கு எரியவே இல்லையே. அது எப்போதோ செத்த பொத்தான்!

மூச்சு வாங்க வாட்ச்மேனுக்கு அடித்தாள். "அண்ணே... லிஃப்ட் பொத்தானை அமுக்குங்க!"

"ஓடாத லிஃப்டுக்கு அமுக்கி என்னம்மா ஆகப்போகுது?"

"உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அமுக்குங்கண்ணே!"

முணுமுணுப்பு. காலடிச் சத்தம். திரையில் இருபது தோன்றி, பூஜ்யமானது. பச்சை அணைந்து சிவப்பு அலறியது. ஒரு விநாடியில் மெக்கானிக்கின் போன். "வந்துடுச்சு! ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல. ரெண்டுக்கு இறக்கறேன், ஓடுங்க!"

பத்து மாடி இறங்கியது அவளுக்கு நினைவிலேயே இல்லை. கதவு திறந்தபோது அக்கா மூலையில் உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்து, தோள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தங்கை இன்ஹேலரை வாயில் வைத்து அமுக்கினாள். ஒன்று. இன்னொன்று. மெல்ல மெல்ல மூச்சு திரும்பியது.

"மணி அடிச்சு... விரலே தேஞ்சு போச்சுடி. உனக்கு வரவே இல்லையா?"

"வந்துச்சுக்கா. துணைக்கு ஆள் சேரட்டும்னு நான்தான் உட்கார வச்சிருந்தேன்."

நடந்ததைச் சொன்னாள். அக்கா சுவரில் தலையைச் சாய்த்துக் கேட்டாள். திட்டத்தான் போகிறாள் என்று தங்கை காத்திருந்தாள்.

"இது இந்த ஒரு கட்டிடத்துக்கா?"

"இல்லக்கா. முந்நூறுக்கும் இதே புரோகிராம்தான்."

"அங்கெல்லாம் இன்னிக்கு என்னடி கிழமை?"

ஞாயிறு! எத்தனை கட்டு நிறையாமல் கிடக்கிறதோ. அடுத்த கணம் தங்கை மெக்கானிக்கின் எண்ணை அழுத்தியபடியே, வெறுங்காலோடு, இரண்டிரண்டு படியாக மேலே ஓடிக்கொண்டிருந்தாள்.