படத்தில் இல்லாத ஊர்

நகராட்சியின் புது வரைபடத்தில் பசிலியாவின் ஊரே இல்லை. பொலிவிய மலையுச்சியில் முப்பது வீடு, கம்பளி தரும் நூறு லாமா, வற்றாத ஓர் ஊற்று. அத்தனையையும் மேய்ச்சல் நிலம் என்று பச்சையடித்துவிட்டார்கள். அந்த ஊர் கவுன்சிலரான அவள் மூன்று மணி நேரம் மலையிறங்கி, நேராக மேயர் அறைக்குள் நுழைந்தாள்.

மேயர் ஹெலாசியோ ஆண்டுவிழா ஊர்வலத்துக்காக, முகமெல்லாம் சோப்பு நுரையோடு சவரம் செய்துகொண்டிருந்தான்.

"மறுபடியும் வந்துட்டியா? முப்பது வீட்டுக்காக அச்சடிச்ச படத்தை மாத்தச் சொல்றியா?"

"அப்ப எங்க ஊரு இல்லவே இல்லைங்கறீங்க?"

"படத்துல இல்லைன்னா இல்லதான். போய் வேலையைப் பாரும்மா."

"சரிங்க. நீங்க முகத்தைக் கழுவுங்க."

அவன் குழாயைத் திறந்தான். அது புஸ்ஸென்று காற்றைத்தான் விட்டது. நுரை கழுத்துக்கு வழிந்தது.

"தண்ணி எங்கடா?" என்று வாசலைப் பார்த்துக் கத்தினான்.

பசிலியா முதுகு மூட்டையை அவிழ்த்தாள். ஊற்றடியில் நகரத்துக்கு வரும் குழாயின் வால்வை மூடிவிட்டு, கழற்றி வந்த அதன் இரும்புத் திருகு சக்கரத்தை, மேஜையில் விரித்திருந்த வரைபடத்தின் பச்சைமேல் ணங்கென்று வைத்தாள்.

"இல்லாத ஊர்லேருந்து தண்ணி எப்படிய்யா வரும்?"