ஐந்தாம் பிரிவில் இருந்தது

காலை பதினொன்று பத்துக்கு, படங்கள் அழிந்ததைப் பற்றி அவள் எழுதிய அறிக்கை மேனேஜருக்குப் போய்விட்டது.

மருத்துவமனையின் சர்வர் அறையில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். உரிமையோடு அப்படிக் கூப்பிடுகிறவள் ஒருத்திதான்: கணவனின் தங்கை. பக்கத்து மேஜை, ஒப்பந்த வேலை. ஒப்பந்தம் இன்றோடு முடிகிறது. நீட்டிப்பதா என்று மேனேஜர் பன்னிரண்டு மணிக்குச் சொல்வார்.

எக்ஸ்ரே படங்களைச் சனிக்கிழமை நகலெடுப்பார்கள். மாதத்தின் முதல் ஞாயிறன்று மட்டும் சர்வரில் உள்ளவற்றை அழிக்க, குறித்த நாளில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரான்டேபில் அண்ணி ஒரு வரி எழுதினாள். தேதிக் கட்டத்தில் ஒன்று முதல் ஏழு, கிழமைக் கட்டத்தில் ஞாயிறு. சரிபார்த்த நாத்தனார், இரண்டையும் நிரப்பினால் ஏதாவது ஒன்று பொருந்தினாலே ஓடிவிடும், மேனுவலிலேயே இருக்கிறது என்றாள். அண்ணி மேனுவலைத் திறந்து மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். இல்லை. வீட்டில் பண்ணுகிற நாட்டாமை போதாதா என்று சிரித்துவிட்டு, வரியை அப்படியே ஏற்றினாள்.

ஒன்றாம் தேதி திங்கட்கிழமை. தேதி மட்டும் பொருந்தியதற்கே வரி ஓடிவிட்டது. நகலெடுக்காத நானூறு படங்கள் போயின.

சரிபார்த்தவர் ஆதாரத்தோடு தடுத்திருக்க வேண்டும், அவர் சொன்ன விதி மேனுவலில் இல்லை என்று அண்ணி அறிக்கையில் எழுதினாள். பொய் எழுதவில்லை என்ற நிம்மதி இருந்தது.

ஆதாரமாக அந்தப் பக்கத்தையும் அனுப்பிவைக்கலாம் என்று மறுபடி திறந்தாள். தலைப்பில் கிரான்டேப் என்ற பெயரை ஒட்டி, அடைப்புக்குறிக்குள் ஒன்று என்ற எண். அடியில், இதையும் பார்க்கவும் என்ற இடத்தில், அதே பெயர், அடைப்புக்குறிக்குள் ஐந்து. ஆறு வருஷமாக அதைப் பதிப்பு எண் என்றே நினைத்திருந்தாள். மேனுவலைப் பற்றிய மேனுவலைத் திறந்தாள். கட்டளைகள் ஒன்றாம் பிரிவு, கோப்புகளின் அமைப்பு ஐந்து, நிர்வாக வேலைகள் எட்டு. எண் சொல்லாமல் கேட்டால் முதலில் அகப்படும் பக்கத்தைக் காட்டிவிட்டு அதோடு வாயை மூடிக்கொள்ளும்.

ஐந்தைச் சேர்த்துக் கேட்டாள். விதி இருந்தது. இரண்டே வரி, நாத்தனார் சொன்னபடியே.

அறிக்கையைத் திரும்பப் பெறப் பார்த்தாள். மேனேஜர் படித்தாயிற்று என்றது திரை.

நாத்தனார் மேஜைக்கு வந்து நின்றாள். இன்னும் பன்னிரண்டு ஆகவில்லை.

"மேனேஜர் இப்பவே கூப்பிடறார் அண்ணி. போறதுக்கு முன்னாடி கேட்டுக்கறேன், என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கீங்க?"