திரும்பி வந்த பன்னிரண்டு வீடுகள்

1945 மே மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை காலையில், சைமி அய்காஸின் சவுனா, அதாவது நீராவியில் குளிக்கிற மரக்குடில், கரேலியாவிலிருந்து நடந்தே வெசிகோஸ்கிக்கு வந்து சேர்ந்தது. நானூறு கிலோமீட்டர் தூரம். வழியில் இரண்டு ஆறுகளைக் கடந்திருந்ததால் அடிமரங்கள் ஊறிப்போயிருந்தன. கூரையில் ஒரு வாலாட்டிக் குருவி கூடு கட்டி முட்டையும் இட்டிருந்தது. மற்றபடி கருங்கல் அடுப்பு, உட்காருவதற்கான மூன்று படிப் பலகை, புகை படிந்த சுவர் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. யால்மரி ஹொன்காவின் உருளைக்கிழங்குத் தோட்டத்தில், ஏரியைப் பார்த்த மாதிரி, அன்றைக்குத்தான் விதைத்த நான்கு வரிசைகளின் மேல் அது உட்கார்ந்தது. சைமி ஓடிப்போய், மேய்ச்சலிலிருந்து தாமதமாக வந்த மாட்டைத் தட்டுவதுபோல அதன் சுவரில் இரண்டு தட்டு தட்டினாள். "எட்டு மாசமா எங்க சுத்திட்டு வர்ற? நாங்க இங்க அடுத்தவன் சவுனால வரிசையில நின்னு குளிக்கிறோம், தெரியுமா உனக்கு?" என்று கேட்டாள். "அத்தே, பாவம், நடந்து வந்திருக்கு. அப்புறமாத் திட்டுங்க" என்றாள் மருமகள் லெம்பி, நான்கு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

யால்மரி ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஊர்க்காரர்கள் எதற்கும் அவசரப்பட்டு வாய் திறப்பதில்லை. யால்மரி அவர்களிலேயே கொஞ்சம் அமைதியானவர். போரில் தோற்று எல்லை பின்வாங்கியபோது கரேலியாவிலிருந்து நாலு லட்சம் பேர் ஆளுக்கொரு மூட்டையும் வீட்டுக்கொரு பசுவுமாக வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு நிலம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்து, யால்மரியின் வயலில் மூன்றில் ஒரு பங்கு சைமிக்குப் போயிற்று. அப்போதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை, தொப்பியை மட்டும் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். சைமியோ தூங்கும்போதும் பேசுகிற குடும்பத்தில் பிறந்தவள். இருவருக்கும் நடுவே ஒரு வேலிதான் இருந்தது, அதுவும் பாதி.

ஊரே அப்போது தலைகீழாகிக்கொண்டிருந்தது. தோற்ற நாடு ஜெயித்த நாட்டுக்கு நஷ்ட ஈடு தர வேண்டும்; அதைக் காசாக அல்ல, கப்பலாகவும் எஞ்சினாகவும் மரவீடாகவும் தர வேண்டும்; ஒரு மாதம் தாமதமானால் நூற்றுக்கு ஐந்து அபராதம் என்று ஒப்பந்தம். வருடத்துக்கு நாற்பது கலப்பை வார்த்துக்கொண்டிருந்த பட்டறை ஒரே குளிர்காலத்தில் கப்பல் எஞ்சினுக்கு உதிரி பாகம் வார்த்தது. பாலும் வெண்ணெயும் தவிர எதையும் அளந்து பழகாத பையன்கள் சாப்பாட்டு மேஜையில் மில்லிமீட்டருக்குச் சண்டை போட்டார்கள். ஆண்கள் பாதிப் பேர் போர்முனையிலிருந்து திரும்பாததால் பாதிரியாரின் மனைவி பாரந்தூக்கி ஓட்டக் கற்றுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் நீண்டால், முன்வரிசையிலிருந்தே கணவருக்கு "இறக்கு, இறக்கு" என்று கைச்சைகை காட்டினார். வாலிபர்கள் நடனமாடிய கூடத்தில் மரவீடு செய்யும் தொழிற்சாலை வந்தது. போருக்குப் பொன் மோதிரத்தைக் கொடுத்துவிட்டு இரும்பு மோதிரம் போட்டிருந்த பெண்கள் அங்கே சுவர்ப் பலகைகளுக்கு ஆணி அடித்தார்கள். அவர்களில் சைமியும் ஒருத்தி. ஒவ்வொரு வீட்டையும் ஒருமுறை முழுதாகப் பூட்டிப் பார்த்து, பிறகு கழற்றி ரயிலேற்றுவார்கள்.

ஜூன் மாதம் தலைநகரிலிருந்து பால்ம்ரோஸ் என்ற அதிகாரி சைக்கிளில் வந்தார். எல்லைக்கு அப்பாலிருந்து கொண்டுவந்த சொத்து எல்லாம் திரும்பிப் போயாக வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் இன்னொரு ஷரத்து. அவர் சவுனாவைச் சுற்றி வந்து, நீள அகலம் எழுதி, கதவில் சாக்பீஸால் 4117 என்று நம்பர் போட்டார். அக்டோபர் ரயிலில் போகட்டும் என்றார்.

சைமியும், அவளுடைய அம்மாவும், லெம்பியின் கணவனான ஒரே மகனும் பிறந்தது அந்த மூன்று படிப் பலகையில்தான். லெம்பிக்கு அக்டோபரில்தான் நாள். "ஐயா, குழந்தை பொறக்கட்டும். அதுக்கப்புறம் வந்து பாருங்க" என்று சைமி கெஞ்சினாள்.

"அம்மா, இது ஒப்பந்தம்மா. அங்கேருந்து வந்தது எதுவா இருந்தாலும் அங்க போயாகணும்."

"நானும் அங்கேருந்து வந்தவதான். என் முதுகுலயும் நம்பர் போடுங்க."

பால்ம்ரோஸ் உண்மையிலேயே பட்டியலை ஒருமுறை புரட்டிப் பார்த்தார். அதில் அப்படி எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

ஆகஸ்டில் முதல் பன்னிரண்டு வீடுகள் ரயிலேறின. செப்டம்பர் பத்தாம் தேதி பன்னிரண்டும் தொழிற்சாலை வேலியோரம் வரிசையாக மழையில் நனைந்துகொண்டு நின்றன. எல்லைக்கு அப்பால் யாரோ பூட்டி நிறுத்தியிருக்கிறார்கள். அவை அப்படியே கிளம்பி வந்துவிட்டன. மூன்றாவது வீட்டில் ஒரு கொடி நிறைய சட்டைகள் காய்ந்தன. ஏழாவது வீட்டில் சமோவார் என்ற தேநீர்க் கொதிகலன் இன்னும் சூடாக இருந்தது. பக்கத்தில் ஜெயித்த நாட்டின் வொரோனேஷ் ஊரிலிருந்து வந்த குமாஸ்தா ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான். எழுந்தவனுக்கு சைமி அரிசிக்கஞ்சி வைத்த கரேலியப் பணியாரம் கொடுத்தாள். அவன் பதினொன்று தின்றான். உடனே திருப்பி அனுப்புகிறோம் என்றார்கள். அவன் கையை ஆட்டி, சைகை காட்டி, சனிக்கிழமை சவுனா முடிந்து ஞாயிற்றுக்கிழமை போகிறேனே என்றான்.

வீடுகளை மறுபடி கழற்றி அனுப்பினார்கள். ஒன்பதே நாளில் திரும்பி வந்தன, வழி பழகிவிட்டது. இந்தத் தடவை ஒரு பூனையும் வந்தது. அபராதம் ஏறிக்கொண்டே போனது. பால்ம்ரோஸ் தாடி மழிக்காமல் வந்து இறங்கி, வேலை செய்யும் பெண்கள் அத்தனை பேரையும் நிறுத்தி வைத்துக் கேட்டார். கடைசியில் லெம்பிதான் உளறினாள்.

"அத்தை எல்லா வீட்டுலயும் ரொட்டியும் உப்பும் வச்சாங்க."

"எதுக்கு வச்சீங்க?" என்று பால்ம்ரோஸ் சைமியைப் பார்த்துக் கேட்டார்.

"இது என்ன கேள்வி? புது வீடு எழும்பி நின்னா கறுப்பு ரொட்டியும் உப்பும் கொண்டுபோக மாட்டோமா? வெறுங்கையோட எப்படி உள்ள நுழையுறது? இது அனுப்புற சரக்காச்சேன்னு அப்ப தோணவே இல்ல."

கரேலியப் பெண்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த இடத்தில் அவர்களும் அதைத்தான் செய்திருப்பார்கள். ரொட்டியும் உப்பும் பார்த்த வீடு வேறு யாரையும் தன் ஆளாக நினைக்காது என்பது அப்போதுதான் அரசாங்கத்துக்குத் தெரிய வந்தது. பால்ம்ரோஸ் ஒரு ஆணிப்பெட்டியின் மேல் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார்.

சைமி அவர் எதிரில் வந்து நின்றாள். பிறகு, "நான் சொன்னா இந்த வீடுங்க கேக்கும். ஆனா என் சவுனா இங்கதான் இருக்கும்" என்றாள்.

"எப்படிம்மா? நம்பர் போட்டாச்சே."

அதுவரை சுவரில் சாய்ந்து நின்ற யால்மரி ஹொன்கா தொண்டையைக் கனைத்தார். ஊர் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "அது என் சவுனா" என்றார். "என் தோட்டத்துல நிக்குது. எங்க தாத்தா கட்டினது." அவர் தாத்தா கட்டிய சவுனா, சைமியின் சவுனாவிலிருந்து அறுபதடி தள்ளி, எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி நின்றுகொண்டிருந்தது. யால்மரி பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை என்பதால், இதையும் யாரும் மறுக்கவில்லை.

மறுநாள் காலை சைமி வேலியோரம் போனாள். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நுழைந்து, மூலையில் வைத்திருந்த காய்ந்த ரொட்டித் துண்டையும் உப்பையும் எடுத்து இடுப்பில் கட்டியிருந்த துணியில் போட்டுக்கொண்டாள். பதினொரு வீட்டில் சுருக்கமாகத்தான் பேசினாள்: சமர்த்தாகப் போ, அங்கே இருப்பவர்களும் மனிதர்கள்தான், அந்தக் குமாஸ்தா நல்ல பையன். பன்னிரண்டாவது வீட்டில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. போக முடியாத தன் ஊருக்குப் போகச் சொல்லி ஒரு மரவீட்டிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறதே என்று அடக்க முடியாமல் அழுதாள். "எங்க ஊருக்குப் போங்க. நீங்க போனாலாவது போதும். கெணத்துக்கு வடக்கால எங்க சவுனா நின்ன இடம் காலியா இருக்கும், ஆப்பிள் மரத்துக்குப் பக்கத்துல. அதுல மட்டும் யாரும் உக்காந்துடாதீங்க. அது எங்களுது" என்றாள். சுவரைத் தடவிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள்.

ரயில் பெட்டி தேவைப்படவில்லை. பன்னிரண்டும் வரிசையாகக் கிழக்குச் சாலையில் நடந்தன. பூனை கடைசி வீட்டின் ஜன்னலில் உட்கார்ந்திருந்தது. பால்ம்ரோஸ் குறிப்பேட்டில் 'சரக்கு புறப்பட்டது' என்று எழுதினார். அதே நேரத்தில் லெம்பிக்கு வலி கண்டது. சவுனாவை மிதமாகச் சூடாக்கி, ஆண்கள் எல்லோரையும் ஏரிக்கரைக்கு விரட்டிவிட்டு, மேல்படிப் பலகையில் வைக்கோல் பரப்பினாள் சைமி. மதியத்துக்குள் ஒரு பெண் குழந்தை பிறந்து, புகைவாசனையோடு வீரிட்டு அழுதது. பால்ம்ரோஸ் ஏரிக்கரையிலிருந்து மேலே வந்து, சட்டைக் கையால் கதவிலிருந்த 4117-ஐத் துடைத்தார்.

பிறகு வருடங்கள் ஓடின. கிழக்கே கப்பல்களும் எஞ்சின்களும் போய்க்கொண்டே இருந்தன; 1952-இல் கடைசி ரயிலும் போனது. ஈடு கொடுத்து முடித்தபோது நாட்டில் வயல்களைவிடத் தொழிற்சாலைகளைப் பற்றிய பேச்சே அதிகமாக இருந்தது. இனி யாருக்கு விற்பது என்று தெரியாமல் ஊர் இரண்டு வாரம் திகைத்தது. பிறகு ஸ்வீடன்காரர்களுக்கு விற்றது. யால்மரி தொழிற்சாலையில் மேஸ்திரி ஆனார். வேலிக்கு மிச்சப் பாதி கடைசிவரை வரவேயில்லை. சனிக்கிழமைகளில் சைமியின் சவுனாவுக்கு வந்து மேல்படியில் உட்கார்ந்து, "சூடு பரவாயில்ல" என்பார். சைமி மீதியெல்லாம் பேசுவாள்.

1953-இல் வொரோனேஷ் குமாஸ்தாவிடமிருந்து, யாரோ மாலுமி கைவழியாக, ஒரு கடிதம் வந்தது. வீடுகள் பன்னிரண்டும் நன்றாக இருக்கின்றனவாம், ஒழுகவில்லையாம். ஒரே ஒரு தொந்தரவு: கிணற்றுக்கு வடக்கே, ஆப்பிள் மரத்தடியில், கொட்டகை போடலாம் என்று மூன்று தடவை மரம் கொண்டுபோய் இறக்கினார்களாம். ஒவ்வொரு தடவையும் மறுநாள் பார்த்தால் ஏதாவது ஒரு வீடு வந்து அந்த மரத்தையெல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டுத் தன் இடத்துக்குப் போயிருக்கிறதாம். இப்போது யாரும் அங்கே கை வைப்பதில்லையாம். புல் மட்டும் வளர்கிறதாம்.

லெம்பி கடிதத்தைப் படித்து முடித்தாள். சைமி மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

"சொன்ன பேச்சு கேக்குற புள்ளைங்க" என்றாள். அன்றைக்குச் சனிக்கிழமை. பேத்தியை விறகெடுத்து வரச் சொல்லிவிட்டு, அடுப்பு மூட்டப் போனாள்.