வெற்றுப் படிவங்கள்

குற்றால மலையில் இன்னும் வெளிச்சம் ஏறவில்லை. ஆய்வு மையத்தின் தகரக் கூரையில் சாரல் பொரிந்துகொண்டிருந்தது. உள்ளே ரியாக்டர் மூடியின் எட்டாவது போல்ட்டையும் இறுக்கி நிமிர்ந்தபோது வேல்விழியின் உள்ளங்கை கன்றிச் சிவந்திருந்தது.

ரியாக்டர் என்றால் பெரிய பிரஷர் குக்கர்தான். எலுமிச்சைத் தோலைக் கரியாக்கிச் செய்த வினையூக்கியைப் போட்டு, பயிர்க்கழிவிலிருந்து பிளாஸ்டிக்குக்கு ஒரு மாற்று எடுக்கிற வேலை. முனைவர் பட்டம் முடித்த கையோடு இதில் போஸ்ட்டாக் ஆய்வாளராகச் சேர்ந்தவள் அவள். விடியுமுன் அழுத்தம் ஏற்றினால்தான் பொழுது சாய்வதற்குள் ஒரு சோதனை தேறும்.

ஒப்பந்த உதவியாளர் சொரிமுத்து மூடியருகே காதை வைத்துக் கேட்டார். ஆய்க்குடிக்காரர்.

"டாக்டரம்மா, இந்த வால்வு இன்னைக்கும் இருமுதே."

"மூணு தடவ சொல்லியாச்சு அண்ணாச்சி. பார்வையிட வார குழுவுக்கு ரிசல்ட்டு வேணும், ஓட்டு, அப்புறம் மாத்திக்கலாம்ங்காரு டைரக்டர்."

"அதுவரைக்கும் ஓமத்தண்ணி ஊத்திப் பாப்பமா?"

சிரித்தார்கள். அழுத்தமானியின் முள் அறுபதைத் தாண்டியது. அவள் நோட்டை எடுக்கத் திரும்பினாள்.

டமார்!

வால்வு பிய்த்துக்கொண்டு கூரையில் அடித்தது. கொதிக்கும் கரிக்குழம்பு சொரிமுத்துவின் வலது கையில், தோளிலிருந்து விரல்நுனி வரை. அவரைக் குழாயடிக்கு இழுத்துப்போனபோது அறை முழுக்கத் தீய்ந்த எலுமிச்சை வாடை.

மூன்றாம் நாள், தென்காசி ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இயக்குநர் ஜெகதீஸ்வரனின் அறைக்கு வந்தாள்.

"உட்காரும்மா. நாளைக்கு விசாரணைக் குழு வருது. நீ ஒண்ணும் பேச வேண்டாம். இதைக் காட்டினாப் போதும்."

ஒரு தாளை நகர்த்தினார். விபத்து நாளின் பாதுகாப்புப் படிவம். 'வால்வு பழுது. ரியாக்டரை இயக்கக் கூடாதென உதவியாளரை எச்சரித்தேன். மீறி இயக்கினார்.' கணினியில் அச்சடித்த வரிகள். அடியில் வேல்விழியின் கையெழுத்து.

போலி இல்லை. அவளே போட்டது.

போன மாதம், "பாக்கியெல்லாம் அப்புறம் நிரப்பிக்கலாம், கையெழுத்து மட்டும் போட்டு வைங்க" என்று வெற்றுப் படிவங்களைக் கட்டுக்கட்டாக நீட்டியவர் இவர்தான். சுண்டல் தின்றுகொண்டே எல்லோரும் போட்டுக் கொடுத்தார்கள்.

"சார், இது பொய்."

"அப்ப உண்மையைச் சொல்லேன். பழுதுன்னு தெரிஞ்சும் ஏத்தினது யாரு?"

"நீங்க ஏத்தச் சொன்னீங்க."

"எங்க எழுதியிருக்கு?"

அவள் தாளை அவர் பக்கமே தள்ளினாள். "அண்ணாச்சியோட வைத்தியச் செலவு?"

"மீறினவனுக்கு மையம் எப்படிப் பொறுப்பாகும்?" குரல் இளகியது. "உன் பணி நீட்டிப்பு உத்தரவு ரெடியா இருக்கு. நாளைக்கே தந்திருவேன். நீ என் பொண்ணு மாதிரி வேல்விழி."

ஆறு வருடம் இந்த மனிதரிடம்தான் அவள் வேதியியல் கற்றாள். "நம்ம மண்ணுக்கு நாமதானே செய்யணும்" என்று இவர் சொன்னதற்காகவே கொரியாவில் கிடைத்த வேலையை உதறினாள். நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அது இத்தனை அன்பான குரலில் நடக்குமென்று அவளுக்குத் தெரியாது.

கண்ணாடிக் குடுவைகள் கழுவும் தொட்டியடியில் ஆய்வு மாணவர்கள் கூடியிருந்தார்கள். நடந்ததைச் சொன்னாள். மாணவன் இசக்கிமணி கையிலிருந்த குடுவையைக் கீழே வைத்தான்.

"யக்கா, நான் பதினஞ்சு போட்டுக் கொடுத்திருக்கேன். நாளைக்கு என் தலையிலயும் எதையாவது அச்சடிக்கலாம்லா?"

குடுவை கழுவும் ரஹ்மத்துன்னிசா கையை உதறினாள். "என்னையும் ஒண்ணுல போடச் சொன்னாவ. வாசிச்சுக் காட்டுங்க, போடுதேன்னேன். நான் ஒம்பதாப்பு பெயிலு. நீங்கள்லாம் டாக்டர்மாரு!"

இசக்கிமணி வழிந்துகொண்டிருந்த குழாயை மூடினான்.

"வெறுந்தாள்ல போட்டோம்னு நாமளே ஒத்துக்கிட்டா பட்டம் போயிரும்க்கா," என்றான் இசக்கிமணி.

"போனாலும் போகும்," என்றாள் வேல்விழி. "நான் ஒருத்தி சொன்னா, தப்பிக்கதுக்குச் சொல்லுதாம்பாரு. எல்லாரும் சொன்னாத்தான் அந்தப் படிவம் செல்லாது. அங்கன அண்ணாச்சிக்குக் கையே போகுதுலே."

அவளே முதலில் எழுதினாள். 'பழுதென்று தெரிந்தும் ஏற்றினேன். ஏற்றச் சொன்னவர் இயக்குநர். சொரிமுத்து எதையும் மீறவில்லை. வெற்றுப் படிவத்தில் கையெழுத்திட்டது என் தவறு.' எழுதியதை உரக்க வாசித்தாள். இசக்கிமணி பேனா மூடியைக் கடித்தபடி அந்தத் தாளை இன்னொரு முறை வாசித்தான். பிறகு, "தள்ளுங்கலே" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான்.

மறுநாள் காலை விசாரணை அறை வாசலில் எழுதிய தாள்களோடு பதினொரு பேர் நின்றார்கள்.

"வேல்விழி மட்டும் உள்ள வா. மத்தவங்க லேபுக்குப் போங்க," என்றார் ஜெகதீஸ்வரன்.

"ரியாக்டர் இன்னைக்கு ஓடாது சார்," என்றான் இசக்கிமணி.

"யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்கல. வால்வு மாத்துத வரைக்கும் ஓடாது."

"உன் தீசிஸ்ல நான் கையெழுத்துப் போடணும், தெரியும்ல?"

"வாசிச்சுப் பாத்துட்டுப் போடுங்க சார்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஜெகதீஸ்வரன் கைப்பேசியை எடுத்து எதையோ தட்டினார். ஒரு நிமிடத்தில் வேல்விழியின் கைப்பேசி அதிர்ந்தது. பணி நீட்டிப்பு இல்லை. இரண்டே வரி. படித்துவிட்டுப் பைக்குள் போட்டாள்.

பதினொரு பேரும் உள்ளே போனார்கள். சாட்சிக்கென்று அங்கே ஒரே ஒரு நாற்காலி. முழங்கால் வலிக்காரி ரஹ்மத்துன்னிசாவை அதில் உட்காரவைத்துவிட்டு, மற்ற பத்துப் பேரும் குழுவுக்கெதிரே தரையில் சம்மணமிட்டார்கள்.

"என்னம்மா இது?" என்றார் குழுத்தலைவர்.

"சொல்லுதோம் சார்," என்றாள் வேல்விழி. "சொரிமுத்து அண்ணாச்சியில இருந்து ஆரம்பிக்கோம். பதினொரு பேரும் பேசணும். நேரமாகும்."